வெளிச்சக் கடன்

நண்பகல் வெயிலில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சம் விழுகிறது. இரவில் ஒற்றை டியூப்லைட் எரியும் கூடத்தில் நூறு லக்ஸ் இருந்தாலே அதிகம். ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் கண் இந்த வித்தியாசத்தைப் பொருட்படுத்துவதே இல்லை. கண்மணி விரிகிறது, விழித்திரை பழகிக்கொள்கிறது, மிச்சத்தை மூளை இட்டு நிரப்பிவிடுகிறது. வாசலில் ஓடிய குழந்தையும் கூடத்தில் ஓடும் குழந்தையும் நமக்கு ஒன்றுபோலவே தெரிகிறார்கள். கேமராவுக்கு இப்படிச் சமாளிக்கத் தெரியாது. அந்தக் கூடத்தில் ஐஎஸ்ஓ 100 வைத்து, லென்ஸை எஃப்/2 அளவுக்குத் திறந்தாலும், படம் பதிய ஷட்டர் 1/10 நொடி திறந்திருக்க வேண்டும். கைதட்டும் குழந்தையின் உள்ளங்கை நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த 1/10 நொடிக்குள் அது 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். படத்தில் கை இருக்காது. கை போன தடம்தான் இருக்கும். 1/60 நொடியில் அதே கை ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் நகரும், 1/250இல் நான்கு மில்லிமீட்டர், 1/500இல் இரண்டு. வீட்டுக்குள் குழந்தைகளைத் தெளிவாகப் படமெடுப்பது பற்றிய அத்தனை ஆலோசனைகளும் இந்தச் சின்னக் கணக்கைச் சுற்றித்தான் வருகின்றன. ஆனால் கணக்குக்குள் யாரும் அதிகம் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. குறைகிற வெளிச்சத்தை யாராவது ஈடுகட்டித்தான் ஆக வேண்டும். கட்டுவது யார்? தெளிவான படம் என்பது கருவியின் தரம் மட்டுமல்ல, அடைக்கப்பட்ட ஒரு கடன் என்று பார்த்தால், குழந்தைப் படங்களின் வரலாறு அந்தக் கடன் யார் தலையிலிருந்து யார் தலைக்கு மாறியது என்பதன் வரலாறாகத் தெரியும்.

முதலில் அதைக் கட்டியது குழந்தையின் உடம்பு. 1839இல் டாகுரோடைப் என்ற படமெடுப்பு முறை அறிவிக்கப்பட்டபோது, நல்ல வெயிலிலும் ஒரு படம் பதிய நிமிடக் கணக்கில் ஆயிற்று. மறு ஆண்டே வியன்னாவில் யோசப் பெட்ஸ்வால் கணக்கிட்டு வடிவமைத்த உருவப்பட லென்ஸ் வந்தது. கூடவே தகட்டின் வேகத்தைக் கூட்டும் ரசாயன முறைகளும் வந்து, நேரம் ஒரு நிமிடத்துக்குள் இறங்கியது. பெரியவர்களுக்கு அது போதுமான முன்னேற்றம். நாற்காலியின் பின்னால் இரும்புத் தண்டில் பொருத்திய கவ்வி அவர்கள் பின்னந்தலையைத் தாங்கிக்கொள்ள, மூச்சை அடக்கி உட்கார்ந்துவிடலாம். கைக்குழந்தையை என்ன செய்வது? அதற்கு விக்டோரியா காலத்து ஸ்டூடியோக்கள் ஒரு வழி வைத்திருந்தன. தாயை நாற்காலியில் உட்காரவைத்து, அவள் தலையிலிருந்து கால்வரை துணியால் மூடிவிடுவார்கள். நாற்காலிக்கு உறை போட்டதாகத் தோன்றும். அந்த மடியில் குழந்தையை வைத்துத் துணிக்குள்ளிருந்தே கையால் இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். இன்றைக்குச் சேகரிப்பாளர்கள் ‘மறைந்த தாய்’ என்று பெயரிட்டுத் திரட்டும் இப்படங்களில் குழந்தையின் முகம் தெளிவாக இருக்கிறது. அந்தத் தெளிவுக்காக ஒருத்தி முகமே இல்லாமல் போனாள், ஒரு குழந்தை அசையும் உரிமையை இழந்தது. படம் பார்க்கும்போது நமக்குத் தோன்றும் விசித்திர உணர்வுக்குக் காரணம் பழமை அல்ல. விலை கொடுத்தவர்கள் படத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான்.

அடுத்த கட்டத்தில் விலை அறையின் மேல் விழுந்தது. 1887இல் ஜெர்மனியில் மியெதே, கேடிக்கே இருவரும் மக்னீசியத் தூளோடு பொட்டாசியம் குளோரேட் கலந்த பிளாஷ் பொடியை உருவாக்கினார்கள். அதைக் கையில் எடுத்துக்கொண்டு நியூயார்க் குடிசைப் பகுதிகளின் இருட்டறைகளுக்குள் நுழைந்தவர் ஜேக்கப் ரீஸ். 1890இல் வெளியான அவருடைய ‘ஹவ் தி அதர் ஹாஃப் லிவ்ஸ்’ அந்த அறைகளில் குடும்பங்களும் குழந்தைகளும் நெருக்கியடித்துக் கிடந்ததை நகரத்துக்குக் காட்டியது. பொடி வெடித்து வீட்டில் தீப்பிடித்ததும், ஒருமுறை தன் மேலேயே பற்றிக்கொண்டதும் அவரே எழுதிவைத்த சங்கதிகள். இருட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் திடுக்கிட்டு விழித்த கண்களோடு அந்தப் படங்களில் இருக்கிறார்கள். இருபது வருடம் கழித்து அதே பொடியை லூயிஸ் ஹைன் வேறு விதமாகப் பயன்படுத்தினார். 1908இலிருந்து தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக அமெரிக்கப் பஞ்சாலைகளுக்குள் போய், நூற்பு எந்திரங்களுக்கு நடுவே நின்ற சிறுமிகளைக் கண்ணாடித் தகட்டில் பதிந்தார். தன் சட்டைப் பொத்தான்களை வைத்துப் பிள்ளைகளின் உயரத்தை மனதுக்குள் அளந்து, வயதையும் வேலை நேரத்தையும் பேசித் தெரிந்துகொண்டு குறித்துவைப்பது அவர் வழக்கம். ரீஸின் ஆட்கள் வெளிச்சத்தில் அகப்பட்டவர்கள். ஹைனின் பிள்ளைகள் கேமராவை நேராகப் பார்த்து நிற்பவர்கள். பொடி ஒன்றுதான். எடுத்தவர் தன் பங்குக்கு எவ்வளவு நேரத்தையும் கவனத்தையும் செலுத்தினார் என்பதில்தான் வித்தியாசம். தெளிவு எதற்கு என்ற கேள்விக்கு ஹைனின் தகடுகளே ஒரு பதில். சட்டம் கேட்டு வாதாடியவர்களுக்கு ‘ஆலைகளில் குழந்தைகள்’ என்ற பொதுச்சொல் போதவில்லை. இந்தப் பஞ்சு படிந்த தலை, இந்தப் பாவாடை, இந்த முகம் என்று காட்ட வேண்டியிருந்தது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். தெளிவை ஏன் இவ்வளவு தூக்கிப்பிடிக்க வேண்டும்? ஜூலியா மார்கரெட் கேமரன் இல்லையா? கல்கத்தாவில் பிறந்து, 48 வயதில் கேமராவைக் கையில் எடுத்து, கணவரோடு குடிபெயர்ந்த இலங்கையில் 1879இல் இறந்த கேமரன், மென்மையாகக் கலங்கிய உருவப்படங்களுக்காகவே இன்றும் பேசப்படுகிறார். ஃபோகஸ் தெரியாதவர் என்று அவர் காலத்து விமர்சகர்கள் கேலி செய்தார்கள், அவர் அசரவில்லை. 1864 ஜனவரியில் எடுத்து, தன் முதல் வெற்றி என்று அவரே குறித்த படம் ஒரு சிறுமியுடையது. ஆனால் அந்தப் படங்களை நிதானமாகப் பார்த்தால் மறுப்பு தன் பக்கத்திலிருந்தே கொஞ்சம் கரைகிறது. கேமரனின் கலங்கல் பெரும்பாலும் ஃபோகஸின் கலங்கல்: லென்ஸை அகலத் திறந்து, எந்தத் தளம் தெளிய வேண்டும், எது கலங்க வேண்டும் என்று அவர் தேர்ந்துகொண்டது. கோழிக்கூடாக இருந்ததைக் கண்ணாடிக் கூடமாக மாற்றி, வெளிச்சத்துக்குத் திரை போட்டும் விலக்கியும் அவர் செலவிட்ட உழைப்பு அதற்குப் பின்னால் இருக்கிறது. பிள்ளைகள் அசைந்ததால் விழுந்த கலங்கலும் சில படங்களில் உண்டு; அதையும் வைத்துக்கொள்வதா கழிப்பதா என்று அவர்தான் முடிவு செய்தார். தேர்ந்துகொண்ட கலங்கல் வேறு, நேர்ந்துவிட்ட கலங்கல் வேறு. முதலாவதைக் காட்டி இரண்டாவதை நியாயப்படுத்த முடியாது.

இன்னொரு சாட்சி பிரெஞ்சு எழுத்தாளர் ரோலான் பார்த்தின் பக்கத்திலிருந்து வருகிறது. 1980இல் வெளியான அவருடைய ‘கேமரா லூசிடா’ ஒரு குழந்தைப் படத்தைச் சுற்றியே எழுதப்பட்டது. இறந்துபோன தாயைப் பழைய படங்களில் தேடிக்கொண்டே வந்தவர், 1898இல் அவள் ஐந்து வயதுச் சிறுமியாக நின்ற ஒரு படத்தில் அவளைக் கண்டுகொள்கிறார். மூலைகள் மழுங்கி, நிறம் வெளிறிப்போன படம். அதனால் தெளிவு முக்கியமல்ல என்று இதைச் சான்று காட்டலாம்தான். ஆனால் பார்த் எதைக் கண்டார் என்று பார்க்க வேண்டும். முகத்தின் தெளிந்த பாவம், சிறு பிள்ளைகள் செய்வதுபோல ஒரு கையின் விரலை மறு கையால் பற்றிக்கொண்டிருந்த விதம். தாள் வெளிறினாலும் விரல் நிற்கிறது. அந்த விரலை 1/10 நொடியில் அசையவிட்டிருந்தால் எந்த நினைவாலும் மீட்டிருக்க முடியாது. அந்தச் சிறுமி நின்ற இடமும் தற்செயல் அல்ல: கண்ணாடிக் கூரை வேய்ந்த குளிர்காலச் செடிக்கூடம். வீட்டுக்குள்ளேயே வெளிச்சம் அதிகமான இடம். ஆக, காலம் படத்தின் மேல் செய்யும் சேதத்தை நாம் மன்னித்துவிடுகிறோம், ரசிக்கவும் செய்கிறோம். படம் பிறக்கும்போதே தொலைந்த விவரத்துக்கு அந்தச் சலுகை கிடைப்பதில்லை.

தெளிவு என்று எதைச் சொல்கிறோம் என்பதையும் இங்கே பிரித்துக்கொள்ள வேண்டும். படம் கலங்குவதற்கு மூன்று காரணங்கள்: கேமரா ஆடியது, ஃபோகஸ் தப்பியது, எதிரே இருப்பவர் அசைந்தது. கேமராவிலும் செல்போனிலும் விளம்பரப்படுத்தப்படும் ‘ஸ்டெபிலைசேஷன்’ முதலாவதை மட்டுமே சரிசெய்யும். நம் கை நடுங்கினால் அது தாங்கும். குழந்தை தலையைத் திருப்பினால் அதனால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. சுவரும் அலமாரியும் பளிச்சென்று இருக்க, குழந்தையின் முகம் மட்டும் இழுபட்ட படங்கள் இப்படித்தான் வருகின்றன. அகலத் திறக்கும் லென்ஸ் வாங்கினால் தீரும் என்பதும் பாதி உண்மைதான். முழுச்சட்டக கேமராவில் 50 மில்லிமீட்டர் லென்ஸை எஃப்/1.8இல் வைத்து ஒரு மீட்டர் தூரத்தில் இருக்கும் முகத்தை எடுத்தால், தெளிவாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர். ஒரு கண் தெளிந்திருக்கும்போது மறு கண் தப்பிவிடக்கூடிய ஆழம் அது. அரை மீட்டர் பின்னால் வந்தால் அந்த ஆழம் பத்து சென்டிமீட்டரை நெருங்குகிறது. முகம் முழுதும் அடங்கிவிடும். படத்தில் முகம் சிறியதாகும், உண்மைதான். ஆனால் குழந்தையின் மூக்கு நுனிவரை கேமராவை நீட்டாமல் இருப்பதில் வேறு மரியாதைகளும் உண்டு.

அடுத்த மறுப்பு புள்ளிகளைப் பற்றியது. ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றி, எஃப்/1.8இல் திறந்தால் அதே டியூப்லைட் கூடத்தில் 1/400 நொடி கிடைத்துவிடுகிறது. கை அசைவு இரண்டரை மில்லிமீட்டருக்குள் அடங்குகிறது. ஆனால் படம் முழுவதும் மணல்போல் புள்ளி இறைந்துவிடுகிறதே என்பார்கள். ஐஎஸ்ஓவை ஏற்றுவதால் கூடுதல் வெளிச்சம் உள்ளே வருவதில்லை. வந்த கொஞ்சத்தை மின்கருவி பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். புள்ளிகளில் பெரும்பங்கு கேமராவின் கோளாறும் அல்ல. ஒளி துகள் துகளாக வருவதால், ஒரு படப்புள்ளியில் நூறு துகள் விழ வேண்டிய இடத்தில் சராசரியாகப் பத்து கூடியும் குறைந்தும் விழும். பத்தாயிரம் விழும் இடத்தில் நூறுதான் தப்பும். முதலாவதில் பிழை பத்து சதவீதம், இரண்டாவதில் ஒன்று. அதாவது புள்ளி என்பது அறையில் எவ்வளவு வெளிச்சம் இருந்தது என்பதன் வாக்குமூலம். அசைவின் கலங்கல் முகத்தின் விவரத்தை இன்னொரு விவரத்தோடு குழைத்துவிடுகிறது. குழைந்ததைப் பிரிக்க வழியில்லை. புள்ளி விவரத்தின் மேல் தூவப்பட்டிருக்கிறது. அடியில் விவரம் நிற்கிறது. சாதாரண அளவில் அச்சிட்டாலோ இரண்டடி தள்ளி நின்று பார்த்தாலோ கண் அதைத் தானே சராசரிப்படுத்திக்கொள்ளும். இரண்டில் ஒன்றைத் தேர வேண்டும் என்றால் தயங்க ஒன்றுமில்லை. புள்ளியை ஏற்றுக்கொள்வது எடுப்பவர் தன் அழகுணர்ச்சியிலிருந்து கொடுக்கும் விலை. குழந்தை அதில் எதையும் இழப்பதில்லை.

இதெல்லாம் பழங்கதை, செல்போன் தீர்த்துவிட்டது என்பது இன்றைக்கு எல்லோர் வாயிலும் இருக்கும் வாதம். அதில் உண்மை உண்டு. 2018இல் கூகுள் தன் பிக்ஸல் போன்களில் கொண்டுவந்த ‘நைட் சைட்’, 2019இல் ஐபோன் 11இல் வந்த இரவு முறை போன்றவை ஒரே படத்தை நீளமாகத் திறந்துவைப்பதற்குப் பதிலாகப் குறுகிய நேரப் படங்கள் பலவற்றை அடுத்தடுத்து எடுத்து ஒன்றோடொன்று பொருத்திச் சேர்க்கின்றன. பல படங்களின் சராசரியில் புள்ளிகள் அடங்கிவிடும். ஆனால் பொருத்துவதற்கு எதிரே இருப்பது நகராமல் இருக்க வேண்டும். சுவர் நகராது, குழந்தை நகரும். நகர்ந்த பகுதியில் படங்கள் பொருந்தாதபோது, அங்கே குறைவான படங்களை வைத்தே ஒப்பேற்ற வேண்டியிருக்கிறது. மிஞ்சிய புள்ளியைத் துடைக்கும் நிரல், கூடவே இமைமயிரையும் கன்னத்தின் பூனைமுடியையும் துடைத்துவிடுகிறது. அதனால்தான் இத்தகைய படங்களில் பின்னாலிருக்கும் காலண்டரின் எழுத்தைக்கூடப் படிக்க முடிகிறது, குழந்தையின் தோல் மட்டும் வழித்து மெழுகியதாக இருக்கிறது. பழகிய முகங்களிலிருந்து கற்றுக்கொண்டு இல்லாத விவரத்தை ஊகித்துத் தீட்டும் நிரல்கள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. முன்பு குழந்தையின் உடம்பு கொடுத்த விலையை இப்போது படத்தின் உண்மை கொடுக்கிறது. எந்திரத்தின் எல்லாத் தந்திரமும் இப்படி என்று சொல்ல மாட்டேன். 2021இல் பிக்ஸல் 6இல் வந்த முகக்கலங்கல் நீக்கும் வசதி, முகம் அசையும் என்று தெரிந்தால் இரண்டாவது கேமராவில் அதே கணத்தை வேகமான ஷட்டரில் எடுத்து இரண்டையும் சேர்க்கிறது. அது ஊகம் அல்ல. உண்மையாக வந்து விழுந்த வெளிச்சம். ஆனால் கவனித்தால், அங்கேயும் வேலை செய்வது வேகமான ஷட்டர் என்ற பழைய விதிதான்.

அப்படியானால் ஒரு ஃபிளாஷ் போட்டால் முடிந்ததே என்று கேட்கலாம். ஃபிளாஷ் விளக்கின் ஒளி ஆயிரத்தில் ஒரு நொடியோ அதற்கும் குறைவாகவோதான் நீடிக்கிறது. எந்தக் குழந்தையின் வேகத்தையும் அது நிறுத்திவிடும். 1930களில் எம்ஐடியில் ஹெரால்ட் எட்ஜர்ட்டன் மின்ஃபிளாஷை வளர்த்தெடுத்ததன் பயன் இன்று ஒவ்வொரு போனிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது என்று நினைப்பார்கள். பெரும்பாலான போன்களில் இருப்பது மின்ஃபிளாஷ் அல்ல, எல்இடி விளக்கு; அது அசைவை அப்படி நிறுத்துவதில்லை, கண்ணைக் கூசவைப்பதில் மட்டும் குறை வைப்பதில்லை. நேராக முகத்தில் அடிக்கும் ஒளி மூக்கின் நிழலையும் கன்னத்தின் வளைவையும் அழித்து, பின்னாலிருக்கும் அறையைக் கருக்கிவிடும். குழந்தை அடுத்த முறை கேமராவைக் கண்டதும் கண்ணைச் சுருக்கிக்கொள்ளும். வெள்ளையடித்த மச்சைப் பார்த்துத் திருப்பி அடிக்கும் தனி ஃபிளாஷ் இந்தக் குறைகளில் பலவற்றிலிருந்து தப்பிவிடுகிறது. மச்சு முழுவதும் ஒரு பெரிய விளக்காக மாறி மென்மையான ஒளியைக் கீழே அனுப்புகிறது. அதை மறுக்க வேண்டியதில்லை. மறுக்க வேண்டியது வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று யோசிக்காமல் அழுத்தும் பழக்கத்தை. வீட்டு விளக்குகளிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. மலிவான எல்இடிகளும் சோக் வைத்த பழைய டியூப்லைட்டுகளும் நொடிக்கு 100 முறை மினுங்கும். 1/100ஐவிட வேகமான ஷட்டரில் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரும், சில சமயம் குறுக்கே பட்டைகள் விழும். அசைவை நிறுத்த 1/250 கேட்கும், விளக்கு 1/100 கேட்கும். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் ஜன்னலின் அருமை தெரிகிறது.

பகலில், மேகம் போட்ட நாளிலும், ஜன்னலுக்குப் பக்கத்தில் ஆயிரம் லக்ஸ் இருக்கக்கூடும். மூன்று மீட்டர் உள்ளே வந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாமல் போகலாம். ஜன்னலடியில் ஐஎஸ்ஓ 400, எஃப்/2 வைத்தாலே 1/400 நொடி கிடைத்துவிடுகிறது. மினுக்கம் இல்லை, கூச்சம் இல்லை, பெரிய செலவும் இல்லை. நடுமுற்றம் வைத்துக் கட்டிய பழைய வீடுகளில் இந்த வெளிச்சம் வீட்டுக்கு நடுவிலேயே இறங்கியது. இன்றைய அடுக்குமாடி வீட்டில் ஜன்னலைத் திரை மூடியிருக்கிறது, திரையை ஒட்டி பீரோ நிற்கிறது. அதை நகர்த்துவது எடுப்பவர் கொடுக்க வேண்டிய விலை. குழந்தையை இழுத்து வந்து ஜன்னலடியில் நிறுத்துவதும் பழைய கவ்விதானே, இது என்ன நியாயம் என்று யாராவது கேட்டால் அது சரியான கேள்விதான். பதில், குழந்தையை நகர்த்த வேண்டாம், விளையாட்டை நகர்த்தலாம். மரப்பாச்சியும் சொப்பும் பாயும் முன்கூட்டியே வெளிச்சத்தில் விரிக்கப்பட்டிருந்தால் குழந்தை தானே அங்கே போய் உட்காரும். எடுப்பவர் தரையில் படுத்துக் காத்திருந்தால் போதும்.

காத்திருத்தலுக்கும் ஒரு கணக்கு உண்டு. குழந்தை எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதாகத் தோன்றுவது உண்மையல்ல. எந்த அசைவுக்கும் திரும்பும் முனைகள் உண்டு. ஊஞ்சல் உச்சியில் நின்றுதான் திரும்புகிறது. குதிக்கும் உடம்பு உச்சத்தில் ஒரு கணம் வேகமே இல்லாமல் இருக்கிறது, அதற்கு 1/20 நொடி முன்னும் பின்னும் அதன் வேகம் நொடிக்கு அரை மீட்டரைத் தாண்டுவதில்லை. அடுக்கிய கட்டை விழுமா என்று பார்க்கும்போது, வாயில் வைத்ததன் ருசியைத் தீர்மானிக்கும்போது, புதிய சத்தத்துக்குக் காது கொடுக்கும்போது குழந்தை யாரும் சொல்லாமலே அசைவற்றுப்போகிறது. ஸ்டூடியோ கவ்வி வலுக்கட்டாயமாக வாங்கியதை இங்கே குழந்தை தன் கவனத்தின் பக்கவிளைவாக இலவசமாகத் தருகிறது. அதைப் பெற, குழந்தையின் அசைவை எடுப்பவர் முன்கூட்டி அறிந்திருக்க வேண்டும், அதாவது படமெடுக்காத நேரத்திலும் கூர்ந்து பார்த்திருக்க வேண்டும். இப்படிக் காத்திருந்தால் எத்தனையோ கணங்கள் தப்பிப்போகுமே என்றால், போகும். தப்பியவை வாழ்ந்து முடித்த கணங்களாக இருக்கும். படத்தில் இல்லை என்பதால் நடக்காமல் போய்விடவில்லை.

யார் விலை கொடுப்பது என்ற கேள்வி இங்கே முக்கியமாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தப் படங்களுக்குக் கடைசியில் சொந்தக்காரர் எடுத்தவர் அல்ல. கூடத்தில் ஓடிய அந்தக் குழந்தை வளர்ந்து முப்பது வயதில் தன் மூன்று வயதைத் தேடும்போது இவைதான் கையில் இருக்கும் ஆவணம். கவ்வியில் இறுகிய முகமும் திடுக்கிட்ட முகமும் பெரியவர்கள் கேட்ட முகங்கள். நிரல் ஊகித்துத் தீட்டிய முகம் யாருடையதும் அல்ல. புள்ளி விழுந்திருந்தாலும், ஓரம் இருண்டிருந்தாலும், வந்து விழுந்த வெளிச்சத்தில் தானாக நின்ற முகத்தை மட்டுமே அவர் தன்னுடையது என்று கொள்ள முடியும். அதற்கான பீரோ நகர்த்தலும் திரை விலக்கலும் தரையில் கிடந்த நேரமும் படத்தில் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. வேண்டிய வெளிச்சமும் நேரமும் இல்லாத இரவில் கேமராவைக் கீழே வைத்துவிடுவதும் அதே கடமையில் அடங்கும். குழந்தையையும் உண்மையையும் அடமானம் வைத்துத்தான் தெளிவு கிடைக்கும் என்றால், அந்தப் படம் எடுக்கப்படாமல் இருப்பதே மேல்.